செயலாளர் ஆண்டறிக்கை: சங்கக் கணினிக்கு ஐ3 வந்த கதை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் லினக்ஸ் பயனர் சங்கக் கூட்டங்கள் இந்த ஆண்டும் மாதம் ஒன்றாக நடந்தன. ஒன்று மட்டும் மழையால் தள்ளிப்போனது. சந்தா பாக்கியைப் பொருளாளர் சொல்வார். நான் ஐ3 பற்றிச் சொல்கிறேன்.

2009 முதல் இருக்கும் இந்தச் சாளர மேலாளரை, அதாவது திரையில் சாளரங்களை அடுக்கித் தரும் நிரலை, சங்க மடிக்கணினியில் போடக் கடந்த பொதுக்குழு தீர்மானித்தது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை, டச்பேட் செத்துவிட்டது; ஐ3-ஐ விசைப்பலகையாலேயே ஓட்டலாம். ஐ3-இல் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் திரையைப் பங்குபோட்டுக்கொள்ளும். மாட் விசையோடு (ஐ3 கட்டளைகளுக்கென ஒதுக்கிய ஆல்ட் அல்லது விண்டோஸ் விசை) ஹெச் அழுத்தினால் அடுத்த சாளரம் பக்கத்தில் திறக்கும். வி அழுத்தினால் கீழே.

முதல் சண்டை அந்த ஹெச்சில்தான். விஐ எடிட்டர் பழகியவர்களுக்கு ஹெச், ஜே, கே, எல் என்று நகர்ந்தே விரல் பழகிவிட்டது. இங்கே ஹெச் திரையைப் பிளப்பதற்குப் போய்விட்டதால், நகரும் விசைகள் ஜேயில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிகின்றன. மாற்றலாமா என்று ஒரு கூட்டமே போனது. மாற்றவில்லை. வலது ஆட்காட்டி விரல் எப்படியும் ஜே மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் தமிழ். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றியதும் குறுக்குவிசைகள் வேலை செய்யவில்லை. எழுத்தைச் சொல்லிக் கட்டியிருந்தோம். தமிழ் அமைப்பில் ஜே என்ற எழுத்தே கிடையாதே! ஐ3-இன் அமைப்புக் கோப்பில், எழுத்தை வைத்துக் கட்டும் பைண்ட்சிம் வரிகளை, விசை எண்ணை வைத்துக் கட்டும் பைண்ட்கோட் ஆக்கி, எண்களைக் கொடுத்தோம்: ஜேக்கு 44, என்டருக்கு 36. சரியாகிவிட்டது.

பொருளாளருக்கு ஐ3-இல் கணக்குக்கென ஒரு பணியிடம் (தனித் திரை) அமைத்தேன். இடப்பாதியில் ரசீது, வலப்பாதியில் கணக்குத் தாளும் மின்னஞ்சலும் தாவல்களாக. இந்த அடுக்கைச் சேமித்து, எந்தச் சாளரம் எந்தப் பெட்டிக்கு என்பதைத் தலைப்பை வைத்து எழுதினேன். மார்ச் மாதம் நன்றாக ஓடியது. ஏப்ரலில் கோப்பின் பெயர் மாறியதும் கணக்குத் தாள் வேறிடத்தில் திறந்துகொண்டது. அதற்கென ஒதுக்கிய பெட்டி காலியாகக் காத்துக்கிடந்தது. பிழை என்னுடையது. தலைப்பு மாறும், நிரலின் வகுப்புப் பெயர் மாறாது. சாளரத்தின் விவரங்களைக் காட்டும் எக்ஸ்பிராப் கட்டளையில் அந்த வகுப்புப் பெயரைப் பார்த்து எழுதிய பிறகு தொல்லை இல்லை.

டச்பேட் பழுதுபார்க்க ஒதுக்கிய தொகை செலவாகவில்லை. என்ன செய்வதென்று பொதுக்குழு முடிவு செய்யட்டும். அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்