ரேந்தை மாதிரியைப் படம் எடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நாகர்கோவில், இடையன்குடி ரேந்தை (லேஸ்) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பழைய மாதிரித் தாள்களைச் செல்போனில் படம் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டால் கலை பிழைத்துக்கொள்ளும் என்று முடிகிறது. நோக்கம் நல்லது. ஆனால் அப்படி எடுத்த படத்தை வைத்து ஒரு சாண் ரேந்தைகூடப் போட முடியாது.

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் அச்சிட்ட படம் குரோஷா பின்னல். அதற்கு ஒரு நூலும் ஒரு கொக்கி ஊசியும் போதும். மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா 1820களில் நாகர்கோவிலில் சொல்லிக்கொடுத்ததும், 1844இல் கால்டுவெல்லை மணந்த அவர் மகள் எலைசா இடையன்குடிக்குக் கொண்டுபோனதும் கட்டை ரேந்தை. திண்டின்மேல் துளையிட்ட மாதிரி அட்டையை வைத்து, நூல் சுற்றிய கட்டைகளை ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டு, துளைக்குத் துளை குண்டூசி குத்திப் பின்னுவது அது. (‘ரேந்தை’ என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்ததுதான்.)

அட்டையில் உயிர் இருப்பது துளைகளில். கட்டை ரேந்தைக்கென்றே அச்சானவற்றில் நமக்குத் தெரிந்த முதல் புத்தகம் 1557இல் வெனிஸில் வந்த ‘லெ பொம்பெ’. அடுத்து 1561இல் சூரிச்சில் ஒன்று வந்தது. அதை எழுதியவர் தன் பெயரை ஆர்.எம். என்ற இரண்டெழுத்தோடு நிறுத்திக்கொண்டார். ‘லெ பொம்பெ’யைப் புரட்டினால் முடிந்த ரேந்தை எப்படி இருக்கும் என்ற மரக்கட்டை அச்சுப் படங்கள்தான் இருக்கும். துளைகளைக் கணக்குப் பண்ணி இட்டுக்கொள்வது பின்னுகிறவர் பாடு. செல்போன் படமும் நம்மை அங்கேதான் கொண்டு நிறுத்துகிறது.

செல்போனைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலும் சதுரக் கட்டம் ஒருபக்கம் ஒடுங்கிவிடும். ரேந்தை நீளமான வேலை. அட்டையின் கடைசி வரிசை வந்ததும் வேலையை மேலே நகர்த்தி, முதல் வரிசைத் துளைகளில் மறுபடி ஊசி குத்தித் தொடர வேண்டும். ஒடுங்கிய நகலில் தலையும் அடியும் பொருந்தாது. துணியோடு தைக்கிற நேர் ஓரம் அலையடிக்கும். ஆகவே ஸ்கேனர்தான் வேண்டும். அட்டையின் பக்கத்தில் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று என இரண்டு அளவுகோல்களை வைத்தே எடுங்கள். அச்செடுக்கும்போது 100 சதவீதம் என்று வைத்து, தாளில் விழுந்த 10 செ.மீ. நிஜத்திலும் 10 செ.மீ.தானா என்று இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள்.

ஸ்கேனர் இல்லையென்றால் பழைய வழி இருக்கிறது. மெல்லிய தாளை அட்டைமேல் போட்டு, அசையாமல் பாரம் வைத்து, மெழுகுப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அளவு இம்மியும் மாறாது. ஆனால் தடித்த நூல் போகும் வழியைக் காட்ட மையால் போட்ட கோடுகள் இதில் விழாது. அதற்குத்தான் படம். ஒடியும் நிலையில் இருக்கும் அட்டையைத் தேய்க்கவே வேண்டாம். அதிகம் உழைத்த அட்டையில் துளைகள் வாய் பிளந்திருக்கும். நகலில் புள்ளியைத் துளையின் நடுவில் வையுங்கள்.

அடுத்தது நூல். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். நூலை அளவுகோலில் இடைவெளி விடாமல் சுற்றி, 1 செ.மீ.க்கு எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். 20 சுற்று நூலுக்கான மாதிரியை 125 சதவீத அளவுக்குப் பெரிதாக்கினால் 16 சுற்று நூல் வேண்டும். பழைய நூலையே போட்டால், ஊசிகளை எடுத்ததும் ரேந்தை துவண்டுவிடும். தடித்த நூலென்றால் கண்கள் அடைத்து மொத்தையாகும். இதைக் கவனிக்காமல் மாதிரிமேல் பழி போடுவார்கள்.

எந்த இடத்தில் எந்தப் பின்னல் என்பதையும் துளை சொல்லாது. இரண்டு ஜோடி, நான்கு நூல். நடுவில் உள்ள இரண்டில் இடதை வலதுக்கு மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதுக்கு மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்றால் துணி நெசவுபோல் அடர்த்தி. முதல் இரண்டோடு நிறுத்தினால் வலை. முறுக்கை எதிர்ப்பக்கம் போட்டால் முன்பு போட்ட முறுக்கும் அவிழும். இங்கிலாந்து மாதிரிகளில் நேர் ஓரம் பொதுவாக வலப்பக்கம், ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இடப்பக்கம். கைக்கு வராவிட்டால் அட்டையைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஜோடிகளின் எண்ணிக்கை, நூலின் சுற்று, பின்னல் இவற்றை எழுதி ஏற்றுங்கள். எழுத விவரம் இல்லையா? பரணில் பாதி வேலையோடு நின்ற திண்டு ஏதும் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால், கட்டைகள் அழகாக இருக்கின்றனவே என்று நூலை அறுத்து எடுத்துவிடாதீர்கள். எந்தத் துளையிலிருந்து எந்த ஜோடி தொங்குகிறது என்பது அதில் அப்படியே இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்