கேட்காத மன்னிப்பைக் கேட்டதாக எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேடையில் ஒருவர் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார், எதிர்ப்பு கிளம்புகிறது, 'என் பேச்சு யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்' என்று ஓர் அறிக்கை வருகிறது, மறுநாள் உங்கள் நாளிதழில் 'மன்னிப்பு கேட்டார்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அறிக்கையை எத்தனை முறை படித்தாலும் அதில் மன்னிப்பு என்ற சொல்லே இருக்காது. போதாக்குறைக்கு அந்த 'இருந்தால்' வேறு, யாரும் புண்பட்டார்களா என்பதையே சந்தேகமாக்கிவிடுகிறது.

வருத்தம் யாருக்கும் வரலாம். பக்கத்து வீட்டில் துக்கம் என்றால் நமக்கும் வருத்தம்தான், அதனால் நம்மீது குற்றம் இருக்கிறது என்று ஆகாது. மன்னிப்பு கேட்பவரோ, செய்தது நான்தான், அது தப்புதான் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். கொடுப்பதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்ய வேண்டியவர் பாதிக்கப்பட்டவர்.

இந்த வித்தியாசம் அரசுகளுக்கு நன்றாகத் தெரியும். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன் வாலாபாக்கில் செத்தவர்கள் ஆங்கிலேயர் கணக்கிலேயே 379 பேர். 2013-இல் அங்கே வந்த அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன், வருகைப் பதிவேட்டில் அது மிகவும் வெட்கக்கேடான நிகழ்வு என்று எழுதினாரே தவிர மன்னிப்பு கேட்கவில்லை. நூற்றாண்டு நெருங்கிய 2019 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் தெரசா மே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், முழுமையான மன்னிப்பு கேளுங்கள் என்று எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் அதே அவையில் எழுந்து சொன்ன பிறகும் அந்தச் சொல் வரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்து திருச்சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அங்கே தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்பு கேட்டார், ஆனால் பிரிட்டிஷ் அரசுக்காகத் தன்னால் பேச முடியாது என்றும் சொல்லிவிட்டார். சரி, இவை எல்லாவற்றுக்கும் 'பிரிட்டன் மன்னிப்பு' என்று ஒரே தலைப்பு போட்டால் படிப்பவனுக்கு என்ன விளங்கும்?

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன கொடுமைக்கு, பிரதமராக இருந்த ஜான் ஹோவர்ட் 1999-இல் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் கொண்டுவந்தார், அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்து வந்த பிரதமர் கெவின் ரட் மன்னிப்பே கேட்டார். முன்னதும் பின்னதும் ஒன்று என்று அங்கே எவரும் சொல்லமாட்டார்கள்.

இழுத்தடிப்பதற்குப் பெரிய காரணம், ஒப்புக்கொண்டால் நஷ்டஈடு கேட்டு வழக்கு வருமே என்ற பயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2006-இல் இதற்காகவே ஒரு சட்டம் போட்டார்கள், சிவில் வழக்கில் மன்னிப்பு கேட்டதையே தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று. நம் ஊர் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலும், நீதிமன்றம் திருப்திப்படும்படி மன்னிப்பு கேட்டால் தண்டனையிலிருந்து விடலாம் என்று இருக்கிறது. திருப்திப்படும்படி என்பதுதான் அங்கே முக்கியம், வாய் வார்த்தையாகச் சொன்னால் போதாது.

அதனால் வருந்துகிறேன் என்றால் வருத்தம் தெரிவித்தார் என்றே போடுங்கள். இடம் போதவில்லை, 'மன்னிப்பு' சின்னச் சொல் என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் சொல்லக்கூடும். 'வருத்தம்' என்பதிலும் அதே ஐந்து எழுத்துதான், எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் நாளிதழில் பிழை வந்தால் மறுநாள் உள்பக்கத்து மூலையில் 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று போடுகிறீர்கள். தவறான மருந்து விளம்பரங்களுக்காக 2024-இல் பதஞ்சலி நிறுவனம் வெளியிட்ட மன்னிப்பு விளம்பரத்தைப் பார்த்து, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் விளம்பரத்தின் அளவுக்கு இது இருக்கிறதா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். முதல் பக்கத்தில் வந்த பிழைக்கு முதல் பக்கத்திலேயே திருத்தம் போட முடியுமா, முடியாது என்றால் ஏன் என்று இதே பகுதியில் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்