20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவனிடமும் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
நாகலூர், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் பிரிவு அதிகாரி அவர்கள்.

பொருள்: ரெக்கார்டிங் வசதியுள்ள செட்டாப் பாக்ஸ் பழுது, பதிவுகள் அழிந்தது, சர்வீஸ் சென்டரில் அவமதிப்பு.

ஐயா,

வணக்கம். இது என்னுடைய ஆறாவது புகார். முதல் ஐந்தும் போனில் கொடுத்தவை. ஐந்துக்கும் புகார் எண் குறித்து வைத்திருக்கிறேன். காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவன் நான், எதையும் எழுதி வைப்பது பழக்கம்.

பெட்டியின் கோளாறு உங்களுக்குத் தெரியாததல்ல, உங்கள் பெட்டிதானே. சும்மா சேனல் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. ரெக்கார்டிங் தொடங்கினால் போதும், திரை கறுத்து, சிவப்பு விளக்கு எரிந்து, தானாக முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பொங்கலுக்கு மறுநாளிலிருந்து இதே கதை. அன்றிலிருந்து உங்கள் ஆட்கள் சொன்ன ஒரே வைத்தியம் ரீஸ்டார்ட். பிளக்கைப் பிடுங்கு, பத்து நிமிடம் பொறு, திரும்ப மாட்டு. ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்டை நிறுத்தக் கூடாது, முதலில் ரிமோட்டில் ஸ்டாண்ட்பை கொடுக்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். அதைச் சொன்னால், "புக்க விடுங்க சார், நான் சொல்றதச் செய்ங்க" என்கிறார் உங்கள் ஊழியர்.

மூன்றாவது போனில், பெட்டியை மட்டும் சேலத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். மட்டும் என்ற சொல்லைத் தயவுசெய்து கவனியுங்கள். ஒருநாள் சம்பளத்தை விட்டு, பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அஸ்தம்பட்டியில் பஸ் மாறி ஐந்து ரோட்டில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்து சேர்ந்தேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அடாப்டர் எங்க?" என்றார். போனில் சொன்னதைச் சொன்னேன். "போன்ல சொன்னவங்ககிட்டயே போய்க் கேளுங்க" என்றார். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அடாப்டர்கள் குவிந்து கிடந்தன. அதில் ஒன்றை மாட்டிப் பாருங்கள் தம்பி என்று கெஞ்சினேன். "நீங்க மலையில இருந்து வந்தா அதுக்கு நான் என்ன பண்றது? வீட்டுக்குப் போய் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." என் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. கியூவில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு இன்னும் காதிலேயே இருக்கிறது. அந்தக் கவுண்டரில் கேமரா இருக்கிறது, போட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஐந்தாவது போனில் நடந்தது. "மெனுவுக்குப் போங்க, கீழ கடைசியா இருக்கறத அமுக்குங்க" என்றார் ஒரு பெண். ரெக்கார்டிங் எல்லாம் போய்விடுமா என்று இரண்டு முறை கேட்டேன். "போகாது சார், அதுவும் ரீஸ்டார்ட்தான்" என்றார். அமுக்கினேன். பட்டியல் காலி. அது ஃபார்மேட் என்று உங்கள் ஆளுக்குத் தெரியாதா?

போனது சீரியல் அல்ல ஐயா. என் மகள் பத்தாம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சியில் பகலில் ஓடும் கணக்கு, அறிவியல் பாடங்களை ஜூன் மாதத்திலிருந்து பதிவு செய்து வைத்து, பள்ளி விட்டு வந்து பார்ப்பாள். எங்கள் பக்கம் போனில் வீடியோ நின்று நின்றுதான் வரும். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. அவளுடைய ஒரு வருடப் படிப்பையே அழித்துவிட்டீர்கள். இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

சொல்ல மறந்துவிட்டேன். ஏற்காடு கடைவீதியில் டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார். 12 வோல்ட் வரவேண்டிய அடாப்டர், ரெக்கார்டிங் தொடங்கியதும் 9-க்கு இறங்குகிறது. அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதமாக ஒருவரும் இதைக் கேட்கவில்லையே!

தங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் இல்லை. புது அடாப்டர், ஹார்ட் டிஸ்க் பரிசோதனை, இரண்டு மாதக் கட்டணம் திரும்ப, சம்பள இழப்பும் மன உளைச்சலும் சேர்த்து ரூ.50,000, கவுண்டர் ஊழியரின் எழுத்துப்பூர்வ மன்னிப்பு ஆகியவற்றைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. விசாரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இனி நான் மலை இறங்க மாட்டேன். உங்கள் ஆள் மேலே வரட்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். வருகிறவர் அடாப்டரைக் கையோடு கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஐந்து புகார் எண்கள், பஸ் டிக்கெட் நகல்