மனநலச் சேவை நாய்களும் விமானப் பயணமும்: அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க விமான நிறுவனங்களின் மாற்றுத்திறனாளி சேவைப் பிரிவினருக்கும், விமானம் ஏறும் வாயிலான கேட்டில் நிற்கும் ஊழியர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி 2021 ஜனவரி 11 முதல் நடப்பில் உள்ளது. பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்க்கு உள்ள அதே உரிமையை அது மனநலச் சேவை நாய்க்கும், அதாவது மனநோய் உள்ளவருக்கு உதவப் பயிற்றுவித்த நாய்க்கும், தருகிறது. முன்பு மனநல வல்லுநரின் கடிதத்தைக் கேட்க உங்களுக்கு அனுமதி இருந்தது, இப்போது இல்லை. பயிற்சியின்றி அருகில் இருந்து ஆறுதல் மட்டும் தரும் உணர்வு ஆதரவு விலங்குகளைச் செல்லப்பிராணிகளாக நடத்திக் கட்டணம் வாங்க இடம் கொடுத்ததும் இதே விதிதான். இரண்டு மாற்றங்களும் ஒன்றாக வந்ததால் கேட்டில் இன்றும் குழப்பம் தீரவில்லை. கடிதம் எங்கே, சான்றிதழ் எங்கே, அடையாள அட்டை எங்கே என்ற கேள்விகள் ஓயவில்லை.

சேவை நாய்களுக்கென அரசுப் பதிவேடு எதுவும் அமெரிக்காவில் கிடையாது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி அட்டை வாங்கலாம். ஆகவே அட்டையைப் பார்த்து அனுமதிப்பதும் தவறு, அட்டை இல்லையென்று மறுப்பதும் தவறு.

பார்க்க வேண்டியது பயிற்சியை. அருகில் இருப்பதாலேயே ஆறுதல் தரும் நாய் சேவை நாய் ஆகாது. பீதி கூடும்போது மடியில் ஏறி அழுத்தம் கொடுப்பது, கெட்ட கனவிலிருந்து எழுப்புவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் கையைத் தடுப்பது, மருந்துப் பையை எடுத்து வருவது போன்றவை பயிற்றுவித்த பணிகள். நீங்கள் கேட்கக்கூடியவை இரண்டே: மாற்றுத்திறன் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா? அது எந்தப் பணிக்குப் பயிற்சி பெற்றது? நோயின் பெயரைக் கேட்கக் கூடாது, செய்து காட்டச் சொல்லவும் கூடாது. வரிசையில் பத்துப் பேர் கேட்க ஒருவரிடம் அவர் மனநோயை விசாரிப்பது எவ்வளவு கொடியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி படிவம், அதாவது நாயின் உடல்நலம், பயிற்சி, நடத்தை பற்றிப் பயணி நிரப்பித் தரும் போக்குவரத்துத் துறைப் படிவம். பெரும்பாலான சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. டிக்கெட் வாங்கிய நாளிலோ அதற்குப் பிறகோ நிரப்பிய படிவமே செல்லும். முந்தைய பயணத்துப் படிவத்தையே மறுபடி அனுப்புகிறவர்கள் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இதை உங்கள் பதிவேற்றப் பக்கத்தின் தலையிலேயே எழுதி வையுங்கள். பயிற்சியாளர் பெயர் கேட்கும் இடத்தில் பயணி தன் பெயரையே எழுதியிருந்தால் தள்ளுபடி செய்யாதீர்கள். நாயைச் சொந்தமாகப் பயிற்றுவிக்க விதி இடம் தருகிறது. வெறிநாய்த் தடுப்பூசியின் காலாவதித் தேதி விடுபட்டிருந்தால் அன்றே தெரிவியுங்கள், பயண நாள் காலையில் அல்ல. ஒரே விமானத்தில் பயணம் 8 மணி நேரமோ அதற்கு மேலோ நீண்டால் மட்டுமே, நாய் வழியில் கழிக்காது அல்லது சுகாதாரமாகக் கழிக்கும் என்ற இரண்டாவது படிவத்தைக் கேட்கலாம்.

பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே படிவம் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்த 48 மணி நேரத்துக்குள் டிக்கெட் எடுத்தவரிடம் இதைச் சொல்ல முடியாது. பயண நாளில் கேட்டில் கொடுத்தாலும் ஏற்க வேண்டும். சாவு வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ ஓடுகிறவர்கள்தான் பெரும்பாலும் இப்படிப் புறப்படுவார்கள்.

நாயின் இனத்தைக் காட்டி மறுக்க முடியாது. மூர்க்கமானது என்று பெயரெடுத்த பிட்புல் ஆனாலும் எதிரில் நிற்கும் அந்த நாயின் நடத்தையை வைத்தே முடிவெடுக்க வேண்டும். கட்டுப்பாடின்றிக் குரைப்பது, உறுமுவது, பாய்வது, கேட்டில் அசிங்கம் செய்வது ஆகியவை உங்களுக்குப் போதுமான காரணம். அப்போதும் வாய்க்கூடு போட்டால் சரியாகுமா என்று முதலில் பாருங்கள். இருக்கையின் காலடி இடம் நாய்க்குப் போதவில்லையென்றால் அதே வகுப்பில் இடம் இருக்கும் இருக்கைக்கு மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் அடுத்த விமானத்தையோ கட்டணமில்லாமல் சரக்கறையையோ முன்வையுங்கள். பீதி நோய் உள்ளவரிடமிருந்து நாயைப் பிரித்துச் சரக்கறையில் ஏற்றுவது அவருக்கு உதவாது என்பதால் அடுத்த விமானத்தையே முதலில் சொல்லுங்கள்.

தகராறு எழுந்தால் புகார் தீர்வு அதிகாரியை உடனே தொலைபேசியிலாவது இணையுங்கள். அவர் இருக்கிறார் என்பதே பல பயணிகளுக்குத் தெரியாது, நீங்களே சொல்லுங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் தர விதி 10 நாள் அவகாசம் தருகிறது. காரணம் கண்ணெதிரே நடந்ததாக இருக்கையில் அந்த அவகாசம் தேவையில்லை. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார் என்று கேட்டிலேயே எழுதிக் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
சேவை நாயுடன் பயணிப்போருக்குப் படிவ உதவி செய்யும் தன்னார்வலர்கள்