ராமர் பச்சையும் பாட்டில் பச்சையும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம். சென்னிமலைப் போர்வைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் நிறங்களைச் சொல்லும் இடத்திலெல்லாம் 'லைட் கிரீன்', 'டார்க் கிரீன்' என்று முடித்துவிட்டது வருத்தமாக இருந்தது. எங்கள் சாயப்பட்டறையில் வெறும் பச்சை என்று ஒரு நிறம் கிடையாது. கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை என்றுதான் பேச்சு. கண்ணால் பார்த்த பொருளே நிறத்துக்குப் பெயராகிவிட்டது. கிளி என்றால் மஞ்சள் கலந்த பளிச்சென்ற பச்சை. பாசி என்றால் கிணற்றுப் படியில் படர்ந்திருப்பது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'பச்சை' என்ற சொல் மட்டும் போதாது. பச்சைத் தண்ணீரிலும் பச்சைப் பாலிலும் பச்சை நிறமா இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி போனில் 'டார்க் கிரீன்' என்று ஆர்டர் சொன்னார். நாங்கள் பாட்டில் பச்சையில் சாயம் போட்டோம். அவர் நினைத்திருந்தது ராமர் பச்சை. காய்ந்த நூல் சிட்டங்களைக் கொடியிலிருந்து எடுத்து வெயிலில் பிரித்துக் காட்டியபோதுதான் இருவருக்கும் விஷயம் புரிந்தது. அப்புறம் என்ன செய்வது, அத்தனை நூலையும் கறுப்பாக மாற்றினோம். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் போர்வையில் ஒட்டும் சீட்டில் விலையோடு நிறத்தின் பெயரையும் தமிழில் அச்சிடலாம். தாங்களும் அடுத்த முறை நெசவாளரிடம் 'இது என்ன பச்சை?' என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.

- சாயப்பட்டறைத் தொழிலாளி, சென்னிமலை