ஓட்டுக் கேட்டு வருகிறவர்களே, வண்டியை விட்டு இறங்கி வாருங்கள்

எங்கள் தொகுதியில் நிற்கப்போகும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும், சுயேச்சையாக நிற்பவர்களுக்கும் வணக்கம்.

கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவே உள்ள ஒரு வானம் பார்த்த ஊரிலிருந்து எழுதுகிறேன். மூன்று ஏக்கரில் மிளகாய் போடுகிறோம். நான் எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்ததில்லை. எந்தக் கட்சி மீதும் தனியாகக் கோபமும் கிடையாது. போன தேர்தலின்போது நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு வேட்பாளர் வருகிறார், தெருவுக்குப் பத்துப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும் என்று கட்சிக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் அம்மாவும் போனார். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. காலையெல்லாம் மிளகாய்ப் பழம் பறித்துவிட்டு வந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வெற்றிலையில் சூடம் வைத்துக்கொண்டு பிள்ளையார் கோயில் முனையில் நின்றார். நான்கு மணி ஆறானது, ஆறு எட்டானது. காற்றில் சூடம் கரைந்து பொட்டுபோல் ஆகிவிட்டது என்று இரண்டு முறை மாற்றி வைத்தார்கள். பசியில் அழுத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிலர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். வண்டி வந்தபோது மணி பத்தாகச் சில நிமிடங்கள்தான் இருந்தன. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. வேட்பாளர் வண்டியில் நின்றபடியே கும்பிட்டு, "நேரம் இல்லம்மா, சின்னத்தை மறந்துடாதீங்க" என்றார். அம்மா தட்டைத் தூக்குவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் வந்தவர் தட்டில் இருநூறு ரூபாயைப் போட்டுவிட்டு ஓடினார்.

வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மா சொன்னார்: "ஊருணியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலாம்னு இருந்தேன்டா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல். கேட்பது என்றால் நம் மொழியில் இரண்டு அர்த்தம் உண்டு. நீங்கள் ஓட்டைக் கேட்கிறீர்கள். நாங்கள் சொல்வதைக் கேட்க ஒருவரும் நிற்பதில்லை.

கேட்காமல் பேசுவதால் என்ன ஆகிறது என்று ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் பிரச்சாரத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், "சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கி எறிவேன்" என்கிறார்கள். கண்மாய்க்குள்ளும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலிலும் மண்டிக் கிடக்கும் கருவேலத்தை எடுக்கத்தான் வேண்டும், அதில் எங்களுக்கும் மறுபேச்சு இல்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது ஊரே அரிவாளோடு இறங்கி வேலை செய்தது. ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் எங்களைக் காப்பாற்றியதும் அந்த மரம்தான். பட்டா நிலத்தில் நிற்கும் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு, கரி எடுத்து விற்றுத்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. போன முறை அந்த வாக்குறுதிக்குக் கூட்டத்தில் கைதட்டல் விழவில்லை. முன்வரிசையில் நின்றவர்கள் மூட்டம் போடுகிறவர்கள் என்பது பேசியவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பத்து நிமிஷம் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால், "கண்மாய்க்குள் இருப்பதை எடுங்கள், கரிக்கு நல்ல விலை கிடைக்க வழி செய்யுங்கள்" என்று அவர்களே சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. 2019, 2021, 2024 என மூன்று தேர்தலுக்கும் ஓட்டுப்பதிவு ஏப்ரலில்தான் நடந்தது. பங்குனியும் சித்திரையும் எங்களுக்குப் பழம் பறித்துக் காயவைக்கும் காலம். களம் இல்லாதவர்கள் ரோட்டோரத்தில்தான் பரப்புகிறோம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறீர்கள், எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் உங்களுக்குப் பின்னால் வரும் கார்கள் அந்த மிளகாய் மேல் ஏறிப் போகின்றன. நசுங்கிய பழத்தில் விதை வெளியே வந்துவிட்டால் வியாபாரி அதைச் சண்டு வத்தல் என்று தனியே ஒதுக்கி, வந்த விலைக்குக் கேட்பார். ஓட்டுநர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அப்புறம், யாரைப் பார்த்துவிட்டுப் போகிறீர்கள் என்பது. ஊருக்குள் நுழைந்ததும் நாலு பெரியவர்கள் வருகிறார்கள். கோயில் திருப்பணிக்கு ஒரு தொகை பேசுகிறீர்கள். "ஊர் ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான்" என்று அவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். என் ஓட்டைப் பேசி முடிக்க அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அம்மாவின் ஓட்டையும், வீட்டுக்கு வந்த மருமகளின் ஓட்டையும் அந்த நாலு பேர் எப்படித் தர முடியும்? அந்தப் பேச்சில் ஒரு பெண்ணாவது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலனிக்குப் போகும் பாதை வந்ததும் உங்கள் வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடுகிறது. "சந்து குறுகல், வண்டி திரும்பாது" என்கிறார்கள் கூட வருகிறவர்கள். வண்டி திரும்பாது, சரி. நடந்து போக அங்கே என்ன தடை? அந்தத் தெருவில் இருநூறு பேருக்கு மேல் ஓட்டு இருக்கிறது. அவர்கள் ரோட்டுக்கு வந்து நின்று உங்களைப் பார்க்க வேண்டும் என்பது எந்த வகையில் நியாயம்? இதை எழுதும்போது எனக்கு மனசு கொதிக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒருமுறை அந்தச் சந்துக்குள் நடந்து போனால் கூடவே ஊரும் நடக்கும்.

பணத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2019-ல் வேலூரிலும் பணத்தால் தேர்தலே நின்றுபோனது. அதற்கும் "ஜனங்கள் கை நீட்டுகிறார்கள்" என்றுதான் பேசினார்கள். கொடுக்க வந்தவர் யார் என்ற பேச்சு அதில் அடிபட்டுப் போனது.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது வேறொன்று. தேர்தல் முடிந்த பிறகு ஊருணி வேலைக்காக நாங்கள் ஐந்து பேர் மனு எழுதி எடுத்துக்கொண்டு போனோம். மனுவை வாங்கியவர் படிப்பதற்கு முன்பே கேட்டார்: "உங்க பூத்துல எங்களுக்கு எத்தனை விழுந்துச்சு தெரியுமா?" அவர் கையில் பூத் வாரியான கணக்கு இருந்தது. முன்பு சீட்டில் குத்திய காலத்தில், பல இடங்களில் வெவ்வேறு பெட்டியின் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ணும் முறை இருந்தது. இப்போது ஒவ்வொரு இயந்திரமும் தனித்தனியாக எண்ணப்படுகிறது, படிவம் 20-ல் எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை என்று அப்படியே வெளியாகிறது. எங்களைப் போன்ற சின்ன ஊருக்கு ஒரே பூத்துதான். ஒரு பூத் என்றால் ஒரு ஊர். தனி ஆளின் ஓட்டு ரகசியம், ஊரின் ஓட்டு ரகசியம் இல்லை. பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து மொத்தமாகக் காட்டும் டோட்டலைசர் கருவியைக் கொண்டுவரலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. 2015-ல் சட்ட ஆணையமும் அதைப் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. உங்களில் யார் ஜெயித்தாலும் அதற்காகச் சட்டசபையில் பேசுங்கள். அது வரும்வரை, ஜெயித்த மறுநாள் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். ஓட்டு விழாத ஊரும் உங்கள் தொகுதிதான், அங்கேயும் தாகம் எடுக்கும்.

அம்மா சொல்ல நினைத்த அந்த ஒரு வார்த்தையையும் எழுதிவிடுகிறேன். எங்களுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது. குழாயின் கடைசி ஊர் நாங்கள் என்பதால் பல நாள் காற்றுதான் வரும். அப்போதெல்லாம் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போவார்கள். ஊருணியில் தண்ணீர் நின்றால் அந்த அலைச்சல் பாதி குறையும். ரோட்டை உயர்த்திப் போட்டபோது வரத்துக்காலுக்கு வைத்த குழாய்ப் பாலத்தை ஒரு முழம் உயரத்தில் வைத்துவிட்டார்கள். மழை பெய்து கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் பாலம் ஏறி ஊருணிக்குள் வருவதில்லை. குழாயை ஒரு முழம் இறக்கி வைத்தால் போதும், அவ்வளவுதான் வேலை. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. அதில் ஒரு ஓரத்தைக் கிள்ளினால் முடிந்துவிடும். எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் இது இருக்காது. சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

ஆனால் எங்கள் கிராமசபைத் தீர்மானப் புத்தகத்தில் இது இருக்கிறது. மூன்று முறை எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறோம். ஆகவே நான் கேட்பது இதுதான்: ஒரு ஊருக்கு வருவதற்கு முன்னால் அந்த ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு வாருங்கள். நாங்கள் என்ன கேட்கிறோம் என்பது அதில் வரிவரியாக இருக்கிறது.

எங்கள் ஊருக்கு வருவதானால் காலை ஏழு மணிக்கு முன்னால் வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் பழம் பறிக்கக் கொல்லைக்குப் போய்விடுவோம். ஆரத்தி வேண்டாம், வெடி வேண்டாம். ஊருணிக் கரையில் வேப்ப மரத்து நிழல் இருக்கிறது, அம்மா அங்கே இருப்பார். அந்தப் பாலத்தை அவரே கூட்டிப்போய்க் காட்டுவார்.

இப்படிக்கு,
ஒரு மிளகாய் விவசாயி