நெத்தலி ஒரு மீனின் பெயர்: தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், வர்த்தகக் குறி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலை, சாம்பல்தீவிலிருந்து எழுதுகிறேன். என் அம்மா நெத்தலி காயப்போட்டு விற்கிறவர். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் கரையிலேயே மீனை வாங்கி, உப்புத் தண்ணீரில் அலசி, பழைய வலையை விரித்து அதன்மேல் பரப்பிவிடுவோம். நல்ல வெயில் என்றால் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். வாடைக்காற்று தொடங்கினால் அந்த வேலை நின்றுவிடும். அதுவரை காயவைத்ததை விற்றுத்தான் எங்கள் வீடு ஓடுகிறது.

நான்கு வருடங்களுக்கு முன், கொழும்பிலும் கண்டியிலும் இருப்பவர்களுக்கு நேரடியாக அனுப்பலாம் என்று ஒரு இணையத்தளம் தொடங்கினேன். பெயருக்காக நான் அதிகம் யோசிக்கவில்லை. விற்பது நெத்தலி. அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, கூடவே ஊரின் பெயரையும் சேர்த்து, டொட் கொம்மில் பதிந்தேன். தமிழ் எழுத்திலேயே டொட் இலங்கை என்று முடியும் பெயரை எடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்களிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் எழுத்தில் தட்டுவதில்லை.

கடந்த மாதம் ஒரு சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்தது. தன்னுடைய கட்சிக்காரரான ஒரு கொம்பனி அந்தச் சொல்லை 29 ஆம் வகுப்பில் வர்த்தகக் குறியாக, அதாவது தன் பொருளுக்குத் தான் மட்டுமே வைத்துக்கொள்ளும் பெயராக, பதிந்திருக்கிறதாம். 14 நாட்களுக்குள் இணையப் பெயரை ஒப்படைக்காவிட்டால் நடவடிக்கை எடுப்பார்களாம். 29 ஆம் வகுப்பு என்ன என்று தேடிப் பார்த்தேன். இறைச்சியும், உயிரில்லாத மீனும் அதற்குள்தான் வருகின்றன. அதாவது மீன் வகுப்பில் ஒரு மீனின் பெயர். அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "அப்ப நாங்கள் இதை இனி என்னெண்டு சொல்றது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பொருளின் வகை, தரம், அளவு, அது வந்த இடம் என்பவற்றை மட்டும் சொல்லும் சொல்லைக் குறியாகப் பதிய முடியாது என்று அதன் 103 ஆம் பிரிவு சொல்கிறது. பதிந்த குறியாக இருந்தாலும், ஒருவர் தான் விற்கும் பொருளின் வகையை நல்லெண்ணத்தோடு சொல்வதைத் தடுக்க முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் எங்கள் பக்கம்தான் நிற்கிறது. அப்படியிருந்தும் இந்தக் கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

எப்படி வந்தது என்று யோசித்தேன். நெத்தலி என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். தமிழ் தெரியாத கண்ணுக்கு அது யாரோ புதிதாகச் செய்த அழகான பெயர் போலவே தெரியும். அப்பிள் என்று பார்த்ததும் அது பழம் என்று பரிசீலிப்பவருக்குப் புரியும். கணினிக்கு வைத்தால் சரி, பழத்துக்கு வைத்தால் சரியில்லை என்று உடனே பிரித்துவிடுவார். எங்கள் மீனுக்கு அந்தப் பிரிப்பு கிடைக்கவில்லை. நெத்தலி என்று யாராவது சட்டைக்குப் பெயர் வைத்தால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. மீனுக்கு வைப்பதுதான் பிரச்சினை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. பிரேசிலில் குப்புவாசு என்றொரு காட்டுப் பழம் இருக்கிறது. ஜப்பானில் ஒரு கொம்பனி அந்தப் பழத்தின் பெயரையே குறியாகப் பதிந்து வைத்திருந்தது. அமேசன் பகுதி மக்கள் போராடி, 2004 இல் ஜப்பானியக் காப்புரிமை அலுவலகம் அந்தப் பதிவை இரத்துச் செய்தது. தென்னாபிரிக்காவின் ரூயிபோஸ் தேநீருக்கும் அமெரிக்காவில் இதே கதைதான். ரூயிபோஸ் என்றால் அந்த ஊர் மொழியில் சிவப்புப் புதர். இரண்டிலும் அந்தச் சொல் பதிந்த இடத்துக்கு வேற்று நாட்டுச் சொல். எங்கள் நிலை அதைவிட வருத்தமானது. அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தோடு 1987 இலேயே தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழியாகிவிட்டது. சொந்த நாட்டின் பதிவேட்டில் எங்கள் சொல் அந்நியச் சொல்லாக நிற்கக் கூடாது.

பொதுச் சொல்லோடு டொட் கொம் சேர்த்தால் அது குறியாகலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 இல் புக்கிங் டொட் கொம் என்ற ஹோட்டல் முன்பதிவுத் தளத்தின் வழக்கில் சொல்லிவிட்டதே என்று அந்தச் சட்டத்தரணி எழுதியிருக்கிறார். உண்மைதான். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்று ஏறத்தாழ 75 வீதமானோர் சொன்ன ஆய்வு அங்கே முன்வைக்கப்பட்டது. அந்தக் குறி கிடைத்ததால் மற்றவர்கள் புக்கிங் என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாமல் போகாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. திருகோணமலைச் சந்தையில் போய் நெத்தலி என்றால் எந்தக் கொம்பனி என்று கேட்டுப் பாருங்கள். என்ன விலை என்றுதான் பதில் வரும்.

டொட் கொம் தகராறுகளுக்கு 1999 இல் உருவான ஒரு சர்வதேச நடைமுறை இருக்கிறது. முறையிடுபவர் மூன்று விடயங்களை நிரூபிக்க வேண்டும்: பெயர் தன் குறியோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். மூன்றும் வேண்டும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் எனக்குப் பயமில்லை. ஆனால் முறைப்பாடு போனால் பதில் எழுத 20 நாட்கள்தான் தருவார்கள், என் பதிவு ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருப்பதால் பதிலும் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். உலகப் புலமைச் சொத்து அமைப்பில் முறையிட்டால் எதிர்த்தரப்புக்குக் குறைந்தது 1500 டொலர் செலவாகும். பெரிய கொம்பனிக்கு அது ஒரு செலவா? முறைப்பாடு பொய்யான நோக்கத்தோடு வந்தது என்று நடுவர் எழுதினாலும் அதற்கு ஒரு அபராதமும் கிடையாது. உங்கள் சான்றிதழ் ஒன்று கையில் இருப்பதால்தான் அவர்களுக்கு இந்தத் துணிவு.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஆங்கில எழுத்தில் வரும் ஒவ்வொரு சொல்லையும் தமிழ் தெரிந்த ஒருவர் வாய்விட்டு வாசித்துப் பார்க்கட்டும். தமிழில் பொருள் இருந்தால், வர்த்தமானியில் குறி வெளியாகும்போது அந்தப் பொருளையும் தமிழிலேயே போடுங்கள். ஆட்சேபிக்க மூன்று மாதம் தருகிறீர்கள், சரி. ஆனால் கருவாடு காயப்போடுகிற வீட்டில் யார் வர்த்தமானி பார்க்கிறார்கள்? அந்த அறிவித்தல் பிரதேச செயலகப் பலகைக்கும், மீனவர், விவசாயச் சங்கங்களுக்கும் வர வேண்டும். படத்தோடு சேர்த்துப் பதியும் குறியென்றால், உள்ளே இருக்கும் பொதுச் சொல்லுக்குத் தனி உரிமை இல்லை என்று சான்றிதழிலேயே தெளிவாக எழுதுங்கள்.

நெத்தலியோடு இது நிற்காது என்று நினைக்கிறேன். கிண்ணியாத் தயிரும் தம்பலகாமத்து நெல்லும் இணையத்தில் விற்கத் தொடங்கும் காலம் இது. சூடை, கட்டா, பாரை, ஒடியல், பனாட்டு, குரக்கன் என்று நாளைக்கு எது உங்கள் மேசைக்கு வரும் என்று தெரியாது.

அந்தக் கடிதத்துக்கு நேற்றுப் பதில் அனுப்பிவிட்டேன். பெயரை ஒப்படைக்கவில்லை. பதிலின் பிரதியையும், அம்மா வலையில் நெத்தலி பரப்பும் படத்தையும் இந்த மடலோடு உங்களுக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நெத்தலி விற்கும் ஒரு வீட்டிலிருந்து,
சாம்பல்தீவு, திருகோணமலை